தலைமடையும் கடைமடையும்: ஆறு நாடுகள் பகிரும் மீகாங் நதி

பினாங்கில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றுத் தண்ணீர். அந்த ஆறு பிறப்பதும் வளர்வதும் கெடாவில். கடலை நெருங்கும் கடைசிப் பகுதியில்தான் இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. மேலே கெடாவின் அணைகளும் நெல்வயல்களும். கீழே லாஹார் தியாங்கில் பினாங்கு தண்ணீர் இறைக்கும் இடம். இறைக்கும் தண்ணீருக்குக் கட்டணம் தர வேண்டும் என்று கெடா கேட்பதும், எல்லை ஆற்றில் எங்களுக்கும் உரிமை உண்டு என்று பினாங்கு சொல்வதும் நாம் அடிக்கடி படிக்கும் செய்தி. ஒரே நாடு, ஒரே அரசமைப்புச் சட்டம், இரண்டே மாநிலங்கள். அதற்கே இவ்வளவு பேச்சு வேண்டியிருக்கிறது.

மீகாங் நதி ஆறு நாடுகள் வழியாகப் போகிறது: சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம். மலேசியாவை அது தொடவில்லை. ஆனால் அதன் கழிமுகத்தில் விளைந்த வியட்நாம் அரிசி நம் மளிகைக் கடைகளில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகளில் ‘டோரி’ என்ற பெயரில் வரும் முள்ளில்லாத வெள்ளை மீன் துண்டு பெரும்பாலும் அதே கழிமுகத்துக் குளங்களில் வளர்ந்தது. நம் பாத்தின் மீனுக்குச் சொந்தக்கார இனம். 2018 முதல் லாவோஸின் மின்சாரம் தாய்லாந்து வழியாக நம் நாட்டு மின்கட்டமைப்புக்கு வந்தது. 2022 முதல் நம் கம்பிகள் வழியாகச் சிங்கப்பூருக்கும் போனது. ஆகவே இந்த நதி நமக்கு அந்நியமானதல்ல.

பல நாட்டு நதி ஒன்றைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர் விவசாயி பேசும் இரண்டு சொற்கள் போதும்: தலைமடை, கடைமடை. வாய்க்காலில் முதலில் தண்ணீர் பாயும் வயல் தலைமடை. கடைசியில் பாயும் வயல் கடைமடை. தலைமடைக்காரர் செய்வதெல்லாம் கடைமடைக்காரரிடம் வந்து சேரும்; கடைமடைக்காரர் செய்வது பெரும்பாலும் மேலே போகாது. பல நாட்டு நதிகளின் சண்டைகள் எல்லாம் இந்த ஒருவழிப் பாதையில் பிறப்பவை. மீகாங்கில் தலைமடை சீனா, கடைமடை வியட்நாம்.

மீகாங் என்றதும் எல்லோரும் கேட்பது, “சீனா எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது?” என்பதைத்தான். அது பாதிக் கேள்வி. எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது, தண்ணீரோடு வர வேண்டிய வண்டல் எங்கே நின்றது, மீன் போய் வர வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுமையாகும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மறுபாதியைப் பற்றியது.

வரைபடத்தில் விரல் வைத்துப் போவோம்

திபெத்திய பீடபூமியில், சீனாவின் சிங்ஹாய் மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு 5,000 மீட்டருக்கு மேலே ஊற்றெடுக்கிறது. யாங்சி, மஞ்சள் ஆறு இரண்டும் அதே வட்டாரத்தில்தான் பிறக்கின்றன. நீளம் எவ்வளவு என்று தேடினால் 4,350 கி.மீ. என்றும் 4,900 கி.மீ. என்றும் இரண்டு விடை கிடைக்கும். பல ஊற்றுகளில் எதைத் தொடக்கமாகக் கொள்வது, வளைவுகளை எவ்வளவு நுணுக்கமாக அளப்பது என்பதைப் பொறுத்து எண் மாறும். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் அளவுகோலையும் கேட்க வேண்டும்.

பெயரும் ஊருக்கு ஊர் மாறும். திபெத்தியர்களுக்கு ‘ட்சா சூ’, சீனர்களுக்கு ‘லான்சாங்’. தாய், லாவோ மொழிகளில் ‘மே நாம் கோங்’. அதில் ‘மே நாம்’ என்றால் தண்ணீர்த் தாய், அதாவது ஆறு. அதைச் சுருக்கித்தான் வெளியார் ‘மீகாங்’ ஆக்கினார்கள். வியட்நாமில் ‘கூ லோங்’, ஒன்பது நாகங்கள். கடலில் விழும் முன் கிளை கிளையாகப் பிரிவதால் வந்த பெயர்.

யுன்னான் மாநிலத்தில் யாங்சி, மீகாங், சால்வீன் மூன்றும் மலை மடிப்புகளுக்குள் பக்கம் பக்கமாகத் தெற்கே ஓடுகின்றன. இந்த இடத்தை யுனெஸ்கோ 2003-இல் உலக மரபிடமாக அறிவித்தது. பள்ளத்தாக்கு ஒடுக்கம், சரிவு செங்குத்து. அணை கட்ட இதைவிடத் தோதான நிலம் கிடைப்பது அரிது.

சீனாவை விட்டதும் கொஞ்ச தூரம் மியன்மாருக்கும் லாவோஸுக்கும் எல்லை. பிறகு ருவாக் ஆறு கலக்கும் தங்க முக்கோணம். அங்கே மூன்று நாடுகள் ஒரே பார்வையில் தெரியும். லாவோஸுக்குள் புகுந்து லுவாங் பிரபாங்கைத் தொட்டு, வெளியே வந்து தாய்லாந்து – லாவோஸ் எல்லையாக நெடுந்தூரம் ஓடுகிறது. லாவோஸின் தலைநகர் வியன்தியேன் அதன் கரையில், எதிர்க்கரை தாய்லாந்து.

லாவோஸின் தெற்கே சம்பாசாக்கில் ஆற்றோரம் ஒரு மலை. உச்சியில் இயற்கையாகவே லிங்கம் போல நிற்கும் பாறை. அந்த மலையைப் பழைய காலத்தில் லிங்கபர்வதம் என்றார்கள். அடிவாரத்தில் வாட் பூ கோயில். கருவறைக்குப் பின்னால் பாறையிலிருந்து கசியும் ஊற்று. அந்த நீரைக் கல்வாய்க்கால் வழியே கொண்டுவந்து உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் விழச் செய்திருக்கிறார்கள். ஆற்றையும் மலையையும் ஊற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கும்பிட்ட இடம் அது. இன்று பௌத்தக் கோயில். 2001 முதல் உலக மரபிடம்.

அங்கிருந்து கீழே ஆறு விரிந்து நூற்றுக்கணக்கான ஆற்றிடைக்குறைகளைச் சுற்றிப் போகிறது. லாவோ மொழியில் இந்த இடம் ‘சி பான் டோன்’, நாலாயிரம் தீவு. பிறகு கோன் அருவி. உயரம் சுமார் 21 மீட்டர்தான். அகலமோ 10 கி.மீ.-க்கு மேல். ஒரே வீழ்ச்சியாக விழாமல் பல கால்களாகப் பிரிந்து பாறைகளுக்கிடையே இறங்குகிறது. இந்த அருவி இல்லாமல் இருந்திருந்தால் இந்த வட்டாரத்தின் வரலாறே வேறாகப் போயிருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

கம்போடியாவில் ஸ்டுங் திரெங்கில் மூன்று பெரிய துணையாறுகள் ஒன்றாகி வந்து கலக்கின்றன. புனோம் பென்னில் ஆறு நான்கு கையாக விரிகிறது. வியட்நாமுக்குள் தியென், ஹாவ் என்ற இரு பெரும் கிளைகளாக நுழைந்து மேலும் பிரிந்து தென்சீனக் கடலில் சேர்கிறது.

தண்ணீர் யாருடையது?

மொத்தப் படுகை சுமார் 795,000 சதுர கி.மீ. ஆண்டுக்குக் கடலில் சேரும் நீர் சுமார் 475 கன கி.மீ. சராசரியாக வினாடிக்கு 15,000 கன மீட்டர். அதாவது வினாடிக்கு ஆறு ஒலிம்பிக் நீச்சல் குளம்.

நாடுவாரியாகப் பார்த்தால், படுகை நிலத்தில் சீனாவின் பங்கு சுமார் 21 விழுக்காடு, நீரில் 16 விழுக்காடு. லாவோஸின் நிலம் 25, நீர் 35. தாய்லாந்தும் கம்போடியாவும் தலா 18 விழுக்காடு நீர் தருகின்றன. வியட்நாம் 11, மியன்மார் 2. அதிகம் தருவது லாவோஸ். அதன் மலைகள் தென்மேற்குப் பருவக் காற்றைத் தடுத்து மழையாக்குகின்றன.

இதைப் பார்த்துவிட்டு, “சீனாவின் பங்கு வெறும் 16தானே” என்று விட்டுவிடக் கூடாது. இது ஆண்டுக் கணக்கு. மீகாங்கில் ஆண்டு நீரின் பெரும்பகுதி ஜூன் முதல் நவம்பர் வரைதான் வருகிறது. கம்போடியாவின் கிராட்டி ஊரில் மார்ச், ஏப்ரலில் வினாடிக்கு 2,000 கன மீட்டரை ஒட்டி ஓடும் ஆறு செப்டம்பரில் 35,000-ஐத் தாண்டும். பதினைந்து மடங்குக்கு மேல். கோடையில் கீழே மழை இல்லாதபோது, மேலேயிருந்து வரும் நீரின் பங்கு வெகுவாகக் கூடும். தமிழ்நாட்டில் ஆடிப்பெருக்கு கொண்டாடும் அதே காலத்தில்தான் மீகாங்கும் புதுவெள்ளம் கண்டு சிவந்து ஏறிக்கொண்டிருக்கும்.

திரும்பி ஓடும் ஆறு

வெள்ளத்தின் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? கம்போடியாவின் தொன்லே சாப் ஏரிக்குப் போனால் புரியும்.

புனோம் பென்னிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 120 கி.மீ. நீளமுள்ள தொன்லே சாப் ஆறு, அதே பெயருள்ள ஏரியை மீகாங்கோடு இணைக்கிறது. கோடையில் ஏரி நீர் ஆற்றின் வழியாக மீகாங்குக்கு வடிகிறது. அப்போது ஏரியின் ஆழம் ஒரு மீட்டரை ஒட்டி, பரப்பு சுமார் 2,500 சதுர கி.மீ. ஜூனில் மீகாங் ஏறத் தொடங்கும். ஒரு கட்டத்தில் மீகாங்கின் மட்டம் ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்துவிடும். தண்ணீர் பள்ளத்தைத்தானே நாடும்? ஆறு நின்று, திரும்பி, ஏரிக்குள் பாய்கிறது. அக்டோபருக்குள் ஏரியின் ஆழம் 9 மீட்டர் வரை ஏறி, பரப்பு 15,000 சதுர கி.மீ. வரை விரியும். சுற்றியுள்ள காடு கழுத்தளவு நீரில் நிற்கும். மீகாங் வடிந்ததும் ஆறு மறுபடி திரும்பும். அதைக் கொண்டாடித்தான் நவம்பர் பௌர்ணமியை ஒட்டிப் புனோம் பென்னில் படகுப் போட்டியோடு தண்ணீர்த் திருவிழா நடக்கிறது.

மேலே மீகாங்கில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் வெள்ளத்தோடு மிதந்து ஏரிக்குள் வருகின்றன. நீரில் மூழ்கிய மரங்களின் இலையும் பழமும் பூச்சியும் அவற்றுக்கு உணவு. வேர்களும் கிளைகளும் ஒளிவிடம். வளர்ந்த பிறகு வடியும் நீரோடு வெளியேறும். மூங்கிலும் வலையும் வைத்துக் காத்திருக்கும் மீனவர்கள் அப்போது பிடிப்பதில் ஒரு பகுதி ‘பிராஹோக்’ ஆகிறது: மீனை நசுக்கி, உப்பிட்டு, புளிக்கவைத்த விழுது. நம் வீட்டு பெலாச்சான் போல, அந்த வாசம் இல்லாத கம்போடியச் சமையல் குறைவு. கீழ் மீகாங் படுகை முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2 மில்லியன் டன் மீன் பிடிக்கப்படுகிறது. உலகில் வேறெந்த ஆற்றிலும் உள்நாட்டு மீன்பிடிப்பு இவ்வளவு இல்லை.

இதில் பிசகுவது எளிது. ஏரியைச் சுற்றிய நிலம் தட்டையானது. உச்ச மட்டம் அரை மீட்டர் குறைந்தாலும் பெரும் பரப்பளவு காடு நனையாமல் போகும். வெள்ளம் இரண்டு வாரம் பிந்தினால், மேலிருந்து மிதந்து வரும் குஞ்சுகளுக்கு வளரும் நாள் அந்த அளவுக்குக் குறையும். 2019-இலும் 2020-இலும் மழையும் குறைந்து, ஆறு திரும்புவதும் பிந்தியபோது ஏரி மீனவர்கள் இதைத்தான் அனுபவித்தார்கள்.

ஆறு எப்படி எல்லைக்கோடு ஆனது

ஆற்றை எல்லையாகப் பார்ப்பது இந்த வட்டாரத்தில் பழைய வழக்கமல்ல. இரு கரையிலும் ஒரே மொழி பேசும் மக்கள். ஆறு அவர்களுக்குத் தெரு மாதிரி. கழிமுகத்தில் இன்றைய வியட்நாமின் ஆன் யாங் மாநிலத்தில் உள்ள ஓக் இயோ, பொது ஆண்டின் முதல் நூற்றாண்டுகளில் ஃபுனான் அரசின் வணிக நகரம். கால்வாய் ஒன்று அதை உள்நாட்டு நகரமான அங்கோர் போரேயோடு இணைத்தது. 1944-இல் பிரெஞ்சு ஆய்வாளர் லூயி மல்லரே அங்கே அகழ்ந்தபோது இந்திய மணிகளும் முத்திரைகளும் ரோமானியப் பேரரசர் அந்தோனினஸ் பயஸ் உருவம் பொறித்த பதக்கமும் கிடைத்தன. வங்கக் கடலையும் ஃபுனானையும் இணைத்த வணிகத்தில் நம் தீபகற்பமும் இடைவழி. மூடா ஆற்றுக்கு அக்கரையில் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு, கடாரம் என்ற பெயர் அறிந்தவர்களுக்கு, இந்தத் தொடர்பு புதிதாக இராது.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது ஆற்றை வேறு கண்ணால் பார்த்தார்கள். 1862-இல் கழிமுகத்தின் ஒரு பகுதி, 1863-இல் கம்போடியா என்று பிடித்த அவர்களின் கனவு, மீகாங் வழியே சீனாவுக்குக் கப்பல் விடுவது. 1866 ஜூனில் டுடார் டி லாகிரே தலைமையில் ஒரு குழு சைகோனிலிருந்து கிளம்பியது. கம்போடியாவுக்குள்ளேயே சாம்போர் பாறை விரைவோட்டங்கள் நீராவிப் படகை மறித்தன. அதற்கு மேல் கோன் அருவி. அந்தக் கனவு அங்கேயே நொறுங்கியது. குழு ஓடங்களிலும் கால்நடையாகவும் யுன்னான் வரை போய்ச் சேர்ந்தது. தலைவர் 1868-இல் அங்கேயே இறந்தார். அருவியைத் தாண்ட முடியாததால், 1890-களில் அங்குள்ள தீவின் மேல் குறுகிய ரயில் பாதை போட்டு, படகுகளைப் பிரித்து ஏற்றி, மேலே கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். பாதையைப் பக்கத்துத் தீவுக்கு நீட்டப் பின்னாளில் கட்டிய பாலமும் துருப்பிடித்த எஞ்சினும் இன்னும் அங்கே இருக்கின்றன.

1893 அக்டோபர் 3-ஆம் தேதி பிரான்ஸும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) கையெழுத்திட்ட உடன்படிக்கைதான் ஆற்றை எல்லையாக்கியது. இடக்கரை முழுவதும் பிரான்ஸுக்குப் போனது. அதுவே பின்னாளில் லாவோஸின் பெரும்பகுதி. வலக்கரையில் இருந்த லாவோ மக்கள் சயாம் குடிமக்கள் ஆனார்கள். இன்றும் தாய்லாந்தின் வடகிழக்கில் பேசும் மொழி லாவோ மொழியோடு நெருங்கியது. இரு கரைக்கும் இடையே கீழ் மீகாங்கில் முதல் பெரிய பாலம் வர 1994 ஆக வேண்டியிருந்தது.

அணைக் கணக்கு: ஒரு சின்ன வகுத்தல்

சீனா தன் பகுதியில் முதல் பெரிய அணையான மான்வானை 1990-களில் முடித்தது. இன்று முதன்மை ஆற்றில் பத்துக்கு மேல் உண்டு. கணக்குப் பார்க்க இரண்டு போதும்: 292 மீட்டர் உயரமுள்ள சியாவ்வான், 261 மீட்டர் உயரமுள்ள நுவோசாடு. நீரைத் தேக்கி விடும் திறனில் பெரும்பகுதி இந்த இரண்டிடம் இருக்கிறது. இரண்டிலும் சேர்த்து, ஏற்றி இறக்கக்கூடிய நீர் சுமார் 20 கன கி.மீ.

ஆண்டு ஓட்டம் 475. அதில் 20 என்பது 4 விழுக்காடு. இதைச் சொல்லித்தான் “பாதிப்பு ஒன்றுமில்லை” என்பார்கள். இப்போது நேரத்தை உள்ளே கொண்டுவாருங்கள். 20 கன கி.மீ. என்றால் 20 பில்லியன் கன மீட்டர். மழை குறைந்த டிசம்பர் முதல் மே வரை 182 நாள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. மொத்தம் ஏறத்தாழ 15.7 மில்லியன் வினாடி. சீராக விடுவதாக வைத்து வகுத்தால் வினாடிக்குச் சுமார் 1,270 கன மீட்டர். கிராட்டியில் கோடை ஓட்டம் 2,000-ஐ ஒட்டி என்று பார்த்தோம். ஆண்டுக் கணக்கில் 4 விழுக்காடாக இருந்தது, கோடைக் கணக்கில் பாதிக்கு மேலாகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால், கோடையில் கூடுதல் தண்ணீர் கழிமுகத்துக்கு நல்லது. உப்பை வெளியே தள்ளும். ஆனால் அந்த நீர் எங்கிருந்து வந்தது? மழைக்காலத் தொடக்கத்தில் அணையை நிரப்பியதிலிருந்து. ஜூன், ஜூலையில் மட்டம் ஏறத் தொடங்கும் நேரத்தில் பிடிக்கப்படும் நீர், தொன்லே சாப் ஆறு திரும்பும் நாளைத் தள்ளிப்போடும். வறட்சி ஆண்டில் இரண்டும் சேர்ந்துவிடும்.

இன்னொரு தொல்லை அன்றாட ஏற்ற இறக்கம். மின்தேவைக்கு ஏற்ப நீரைத் திறப்பதால், கோடையில் தாய்லாந்து, லாவோஸ் கரைகளில் ஈர மணலில் காய்கறி போட்டவர்களின் பாத்தி மழையே இல்லாமல் மூழ்கும்.

கீழே லாவோஸும் கட்டியது. சயாபுரி அணை 1,285 மெகாவாட், 2019-இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் பெரும்பாலும் தாய்லாந்துக்கு. நாலாயிரம் தீவில் உள்ள டோன் சாஹோங் 260 மெகாவாட், 2020-இல் இயங்கியது. அதைக் கட்டியது மலேசிய நிறுவனமான மெகா ஃபர்ஸ்ட். கோன் அருவியின் பல கால்களில் ஆண்டு முழுவதும் மீன் ஏறி இறங்கத் தோதான கால் ஒன்று உண்டென்றால் அது இந்த ஹூ சாஹோங். அதில்தான் அணை. எனவே கம்போடியா, வியட்நாம், தாய்லாந்து மூன்றும் கவலை தெரிவித்தன. பக்கத்துக் கால்களை ஆழப்படுத்தி, அங்கிருந்த ‘லீ’ பொறிகளை அகற்றி, மாற்றுவழி செய்தார்கள். லீ என்பது விரைவோட்டத்தில் சாய்வாக நிறுத்திய பெரிய மூங்கில் மேடை. நீர் இடுக்குகள் வழியே ஒழுகிவிடும். மீன் மேலே துள்ளிக்கொண்டு கிடக்கும். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களுக்குச் சொந்தமாயிருந்த இடங்கள் அவை.

வண்டல் நின்றால்

சுமார் 7,000 ஆண்டுக்கு முன் கடல் இன்றைய கம்போடிய எல்லையை ஒட்டி இருந்தது. கழிமுகம் முழுவதும் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். பழைய அளவீடுகளின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 160 மில்லியன் டன் வண்டல். அணைக்குப் பின்னால் நீர் நிற்கும்போது மண் அடியில் படிந்துவிடும். தெளிந்த நீர்தான் கீழே வரும். ஆற்றுப் பொறியாளர்கள் இதைப் பசித்த நீர் என்கிறார்கள். சுமை இல்லாத ஓட்டம் தன் கரையையும் படுகையையும் அரித்துச் சுமையைத் தேடிக்கொள்ளும். 2019 இறுதியில் தாய்லாந்தின் நகோன் பனோம் பக்கம் பழுப்பாக ஓட வேண்டிய மீகாங் கடல்நீலமாகத் தெரிந்தது. படம் பிடிக்கப் பலர் போனார்கள். கரையோர மக்களுக்கு அது நல்ல குறியல்ல.

இதோடு கட்டுமானத்துக்கு மணல் அள்ளுவதும் சேர்ந்தது. படுகை தாழ்ந்தால் கடல்நீர் இன்னும் உள்ளே வரும். கழிமுகத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் கூட இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் நிலமும் ஆண்டுதோறும் அமிழ்கிறது. 2016-இலும் 2020-இலும் உப்பு வெகுதூரம் ஏறியது.

உப்பைக் கையாளும் விதம் பார்க்க வேண்டியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நெல்லுக்கு வியட்நாமில் வைத்துள்ள எல்லைக்கோடு லிட்டருக்கு 4 கிராம். வாய்க்கால் முகப்பில் மதகு. கடல் ஏற்றத்தின்போது மூடி, இறக்கத்தில் திறப்பார்கள். திறக்கும் முன் கையடக்க அளவுமானியை நீரில் முக்கிப் பார்ப்பார்கள். நேரம் தவறி ஒருமுறை உப்புநீர் உள்ளே வந்துவிட்டால், நல்ல நீர் வந்து அலசும் வரை நிலம் மீளாது. டுரியான் இன்னும் மென்மையானது. ஒரு கிராம் கூடத் தாங்காது. 2020 கோடையில் தியென் யாங் மாநிலத்து டுரியான் தோட்டங்களுக்குப் படகுகளில் நல்ல தண்ணீர் ஏற்றிப்போனார்கள். பாலிக் பூலாவில் டுரியான் மரம் வளர்ப்பவர்களுக்கு, பத்து வருட மரம் இலையுதிர்த்து நிற்பதைப் பார்ப்பது எப்படிப்பட்ட வேதனை என்று சொல்லத் தேவையில்லை.

கேட்கும் உரிமை, தடுக்கும் உரிமை

1957-இல் ஐ.நா. ஆதரவில் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தென் வியட்நாம் நான்கும் மீகாங் குழுவை அமைத்தன. போர்களுக்குப் பிறகு, 1995 ஏப்ரல் 5-ஆம் தேதி சியாங் ராயில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாகி மீகாங் ஆற்று ஆணையம் பிறந்தது. உறுப்பினர் அதே நான்கு நாடுகள். சீனாவும் மியன்மாரும் 1996 முதல் பேச்சுப் பங்காளிகள் மட்டுமே.

இந்த உடன்படிக்கையின் ஆறாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. கோடையில் ஆற்றில் குறைந்தபட்ச ஓட்டம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தொன்லே சாப் ஆறு இயற்கையாகத் திரும்பி ஓட இடம் தர வேண்டும் என்கிறது. ஒரு பன்னாட்டுச் சட்டம் ஆற்றின் திசையைப் பற்றிப் பேசுகிறது. எழுதியவர்களுக்கு அளவோடு நேரமும் முக்கியம் என்று தெரிந்திருக்கிறது.

ஆனால் பல் இல்லை. முதன்மை ஆற்றில் அணை கட்ட விரும்பும் நாடு மற்ற மூவருக்கும் விவரம் தர வேண்டும். ஆறு மாதம் கலந்தாலோசிக்க வேண்டும். நீட்டிக்கலாம். எவருக்கும் தடுக்கும் அதிகாரம் கிடையாது. சயாபுரி விஷயத்தில் கீழ்நாடுகள் தயங்கின. 2012-இல் கட்டுமானம் முறைப்படி தொடங்கிவிட்டது. துணையாற்றில் கட்டுவதற்கு அறிவித்தாலே போதும். 2016-இல் சீனா ஆறு நாடுகளையும் சேர்த்து லான்சாங் – மீகாங் ஒத்துழைப்பு என்ற தனி அமைப்பைத் தொடங்கியது. நீர்மட்டத் தகவலை 2002 முதல் மழைக்காலத்துக்கு மட்டும் தந்துவந்த சீனா, 2020 இறுதியிலிருந்து ஆண்டு முழுவதும் தருகிறது. இது சின்ன விஷயமல்ல. தலைமடை என்ன செய்கிறது என்று முன்கூட்டித் தெரிந்தாலே கடைமடையில் பாதி இழப்பைத் தவிர்க்கலாம்.

நீங்களே பார்ப்பதற்கு

ஆணையம் ஒவ்வொரு நாளும் நிலையங்களின் நீர்மட்டத்தை வெளியிடுகிறது. தொடங்குபவர்கள் நான்கு ஊர்களைப் பாருங்கள்: சீன அணைகளின் கை தெரியும் சியாங் சேன், துணையாறுகள் சேர்ந்த பின் கிராட்டி, தொன்லே சாப்பின் கதவான புனோம் பென், கழிமுகத்தின் வாசலான தான் சாவ்.

பலரும் செய்யும் தவறு, ஓர் ஊரின் மட்டத்தை இன்னோர் ஊரோடு ஒப்பிடுவது. ஒவ்வொரு அளவுகோலின் பூஜ்யமும் வேறு உயரத்தில் இருக்கிறது. சியாங் சேனில் 3 மீட்டரும் கிராட்டியில் 9 மீட்டரும் ஒப்பிடத்தக்கவை அல்ல. அதே ஊரின், அதே தேதியின் பல்லாண்டு சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். இன்னொரு தவறு, மேலே அணையை மூடிய செய்தியைப் படித்துவிட்டு மறுநாளே கழிமுகத்தைப் பார்ப்பது. சீனாவின் ஜிங்ஹோங் அணையின் மாற்றம் சியாங் சேனுக்கு ஒன்றிரண்டு நாளில் தெரியும். கழிமுகத்துக்குப் போக வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் வழியில் துணையாறுகள் கலந்து தடம் மங்கிவிடும். மழைப்பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் குறைந்தால் அணையா, மழையா, மணல் அள்ளிப் படுகை தாழ்ந்ததா என்று மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். மட்டம் குறைந்தும் நீரின் அளவு குறையாமலிருப்பது மூன்றாவதன் அடையாளம்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை தான் சாவின் மட்டம் ஏறும்போது கழிமுகத்து மக்கள் அதைப் பேரிடர் என்று சொல்வதில்லை. ‘நீர் மிதக்கும் பருவம்’ என்பது அவர்கள் வைத்த பெயர். அளவாக, நேரத்துக்கு வந்தால் ‘அழகான வெள்ளம்’. வயல்களை மூடும் நீரோடு விரல் நீள லின் மீன் கூட்டமாக வரும். அதே வாரங்களில் வரப்போரம் அகத்தி இனத்துச் செடி ஒன்று மஞ்சளாகப் பூக்கும். பூவையும் மீனையும் சேர்த்துப் புளிப்பாகக் குழம்பு வைப்பார்கள். வெள்ளம் பிந்தும் ஆண்டில் பூ தன் நேரத்துக்குப் பூத்துவிடும், மீன் வந்திருக்காது.